சென்னையில் சுற்றுப்புறப் பறவை, காட்டுயிர் நோக்கலின் வரலாறு

தாம் வாழும் தெரு, தோட்டம், ஏரிக்கரை, கடற்கரை ஆகிய இடங்களில் தென்படும் பறவைகளையும் பிற உயிர்களையும் தொடர்ந்து கவனித்து, நாளும் இடமும் குறித்து எழுதிவைப்பது சுற்றுப்புறக் காட்டுயிர் நோக்கல் ஆகும். காட்டுக்குப் பயணம் போய் விலங்குகளைக் காண்பதிலிருந்து இது வேறுபட்டது. இங்கே இடம் மாறுவதில்லை. பார்ப்பவரும் பெரும்பாலும் மாறுவதில்லை. காலமும் அதனுடன் வந்துபோகும் உயிர்களும் மட்டுமே மாறுகின்றன. சென்னையில் இந்தப் பழக்கத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. அரிய பறவை ஒன்று வந்தது என்ற செய்தி எப்போது வெறும் வியப்பாக நின்றுவிடுகிறது, எப்போது ஊரின் நிலத்தையும் நீரையும் பற்றிய சான்றாக மாறுகிறது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

எது அரிது?

ஒரு பறவை அரியதா இல்லையா என்பது பறவையைப் பொறுத்தது மட்டுமன்று. பார்க்கும் இடத்தையும் பொறுத்தது. சுற்றுப்புற நோக்கலின் முன்னோடியாகக் கருதப்படும் கில்பர்ட் வைட் எழுதிய ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஆம்ப்சயர் மாவட்டத்தில் செல்போர்ன் என்ற சிற்றூரில் 1720-இல் பிறந்த வைட், 1793-இல் அதே ஊரில் இறந்தார். தேவாலயப் பணியிலிருந்த அவர், 1751 முதல் தோட்டக் குறிப்பும் 1768 முதல் நாள்தோறும் இயற்கைக் குறிப்பும் எழுதிவந்தார். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் அமைந்த அவருடைய செல்போர்ன் இயற்கை வரலாறு 1789 என்ற ஆண்டுக் குறிப்போடு வெளிவந்தது. ஒன்றுபோலவே தோன்றும் மூன்று கதிர்க்குருவி இனங்களை அவற்றின் பாட்டைக் கேட்டுப் பிரித்தறிந்தவர் அவர்.

1779-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், செல்போர்னுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஃபிரென்சம் குளத்துக்கு ஆறு நெடுங்கால் உள்ளான்கள் வந்தன. அந்நாட்டில் அது மிக அரிய வரவு. குளத்தின் காவலர் ஐந்தைச் சுட்டு வீழ்த்திவிட்டு ஆறாவதை விட்டுவிட்டார். சுடப்பட்ட பறவைகளில் ஒன்றை ஆராய்ந்து, அதன் கால் உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்டிருப்பதை வைட் வியந்து எழுதினார்.

அதே நெடுங்கால் உள்ளான் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமாகச் செல்லும் சாலையிலிருந்தே கூட்டமாகக் காணக்கூடிய பறவை. பேருந்தில் போகிறவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அரிது என்ற சொல்லுக்குப் பொருள் தருவது அந்த ஊரின் வழக்கமான உயிர்களைப் பற்றிய பதிவே. வழக்கமானதை எழுதிவைக்காத ஊரில் அரியதையும் அறிய வழியில்லை.

கோட்டையிலிருந்து சென்ற முதல் பட்டியல்

சென்னைப் பறவைகளைப் பற்றிய முதல் அச்சுப் பட்டியல் 1713-இல் இலண்டனில் வெளிவந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்ளி, அவ்வூர்ப் பறவைகளின் ஓவியங்களை இலண்டன் மருந்தாளுநர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். பெட்டிவர் அவற்றைக் கொண்டு 22 பறவைகளுக்கு விவரணை எழுதினார். ஜான் ரே எழுதி, அவர் இறந்த பின் வெளியான பறவை, மீன் பற்றிய நூலில் அது பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. இந்தியப் பறவைகளுக்கு ஐரோப்பியர் அச்சிட்ட முதல் ஊர்ப்பட்டியல் இதுவே எனப் பறவையியல் வரலாற்றில் குறிக்கப்படுகிறது.

அதே கோட்டையின் மற்றொரு மருத்துவரான சாமுவேல் பிரௌன் சுற்றுவட்டாரச் செடிகொடிகளைத் திரட்டி அனுப்பினார். அன்று மலபார் மொழி என்று ஐரோப்பியர் அழைத்த தமிழில் வழங்கிய பெயர்களும் அவற்றோடு சென்றன. மருந்துக்கான மூலிகையைத் தேடுவதே மருத்துவர்களின் வேலை. அந்த வேலையின் ஓரத்தில் பறவையும் பூச்சியும் அவர்கள் கண்ணில் பட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரசல், வீட்டையொட்டி வாழும் பாம்புகளைக் கையில் எடுத்தார். எந்தப் பாம்புக்கு நஞ்சு உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துக் காட்டுவது அவருடைய நோக்கம். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1796-இல் வெளியானது. கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அவர் பெயர் உள்ளது.

சென்னையின் பெயரைத் தாங்கிய பறவையும் உண்டு. வெண்புருவ வாலாட்டிக்கு 1789-இல் ஜெர்மன் அறிஞர் மெலின் இட்ட அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதி, மதராசப்பட்டினத்தைச் சேர்ந்தது என்று பொருள்படும். கருப்பும் வெள்ளையுமாக நீர்நிலை ஓரத்தில் வாலை ஆட்டியபடி நடக்கும் இப்பறவை, வீட்டுக் கூரைகளிலும் வந்து அமர்ந்து பாடும்.

துப்பாக்கியும் அருங்காட்சியகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை அறிவது என்றால் அதைச் சுடுவது என்றே பொருள். தொலைவிலிருந்து தெளிவாகக் காட்டும் நல்ல கருவிகள் அன்று பரவலாக இல்லை. தோலை உரித்துப் பாடம் செய்து அளந்தால்தான் அறிஞர்கள் ஏற்றனர். 1836-இல் சென்னை மாகாணத்துக்கு உதவி அறுவை மருத்துவராக வந்த தாமஸ் ஜெர்டன் இவ்வழியில் பெருந்தொகுப்பைச் செய்தவர். தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் 1839 முதல் தொடராக வெளியிட்டார். 1840களில் அவர் கொண்டுவந்த பறவை ஓவிய நூலின் படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். பின்னர் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய பெருநூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. 1851-இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகம் இத்தகைய திரட்டல்களுக்கு நிலையான இடமாயிற்று.

1883-இல் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அவ்வாண்டு செப்டம்பரில் தோன்றியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான எட்வர்ட் ஏட்கன், தம் பங்களாவைச் சுற்றி வாழும் எலி, தவளை, எறும்பு, காகம் முதலியவற்றைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரைகளை அதே ஆண்டில் நூலாக்கினார். வேட்டைக்குரிய புலியும் யானையும் இல்லாமலேயே வாசகரை ஈர்க்க முடியும் என்று அந்நூல் காட்டியது. சுற்றுப்புற எழுத்து என்ற வகை இந்தியாவில் ஆங்கிலத்தில் வேரூன்றியது இவ்வாறே.

ஊரார் அறிந்தவை

எழுதப்பட்ட பதிவு மருத்துவர்களிடமும் அதிகாரிகளிடமும் இருந்தது. அறிவு அவர்களிடம் மட்டும் இருந்ததில்லை. பறவைகளின் வட்டாரப் பெயர்களே ஒருவகைக் குறிப்பேடுகள். தோட்டக்கள்ளன் என்றும் ஆறுமணிக்குருவி என்றும் அழைக்கப்படும் பறவையை இதற்குச் சொல்லலாம். பச்சை முதுகும் மஞ்சள் கலந்த மார்பும் சிவந்த அடிவயிறும் கொண்ட இது, வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். வலசைக் காலமான ஐப்பசி, கார்த்திகையில் இரவில் பறந்து களைத்து, சென்னை வீடுகளின் மாடத்திலோ படிக்கட்டிலோ இது வந்து ஒண்டிக்கொள்வது ஆண்டுதோறும் நடக்கிறது. பார்ப்பவருக்கு அது விந்தையான விருந்தாளி. பெயர் சூட்டியவருக்கோ அது நேரம் சொல்லும் பறவை.

கடலோர மீனவர்கள் பங்குனி ஆமை என்று வழங்கும் பெயரும் அப்படிப்பட்டதே. குளிர்காலம் தொடங்கிப் பங்குனி வரையான மாதங்களில் இவ்வாமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. பருவமே பெயராகிவிட்டது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில் ஊராரின் அறிவு பாதுகாப்பாகவும் மாறியது. ஏரி மரங்களில் கூடுகட்டும் கொக்கு, நாரை, நீர்க்காகம் ஆகியவற்றின் எச்சம் விழுந்த நீர் வயலுக்கு உரமாவதை உழவர்கள் கண்டிருந்தனர். பறவைகளைச் சுடக் கூடாது என்று அவர்கள் வற்புறுத்தியதை ஏற்றுப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை எழுத்தில் உறுதிசெய்தார். அவருடைய கையெழுத்துக்கு முன்பே தம் ஏரிக்கு எது எப்போது வரும் என்பதை ஊரார் அறிந்திருந்தனர்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு குறிப்பேடு

இருபதாம் நூற்றாண்டில் சுற்றுப்புற நோக்கலுக்குச் சென்னை தந்த பெரும் எழுத்தாளர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகனாக 1912-இல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது குடும்பம் வாழ்ந்த மயிலாப்பூர் வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு இருந்தது. பறவைகளும் நரிகளும் வெளிமான்களும் அங்கே திரிந்தன. இன்று அப்பகுதியில் நடப்பவருக்கு இது நம்ப முடியாத செய்தி. ஒரே வாழ்நாளுக்குள் மயிலாப்பூர் எவ்வளவு மாறிற்று என்பதற்கு இப்படிப்பட்ட நினைவுக் குறிப்பே அளவுகோல்.

1950 முதல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் அவர் எழுதிய பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும் வரை ஏறத்தாழ 46 ஆண்டுகள் தொடர்ந்தது. யானைகளைப் பற்றியும் பெருங்காடுகளைப் பற்றியும் எழுதிய அதே கை, காகத்தையும் அணிலையும் அதே கவனத்தோடு எழுதியது. படங்களையும் அவரே வரைந்தார். கருப்பு வெள்ளை ஒளிப்படங்களையும் தாமே எடுத்தார். தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் பின்னர் சு. தியடோர் பாஸ்கரனின் முயற்சியால் மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாயின.

கிருஷ்ணனுக்குப் பின்னணியாக வேறொரு மாற்றமும் இருந்தது. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-இல் வெளிவந்த பிறகு, பாடம் செய்த தோல் இல்லாமல் வண்ணப் படத்தை வைத்தே பறவையை அடையாளம் காண்பது பொதுமக்களுக்கு எளிதாயிற்று. துப்பாக்கியின் இடத்துக்குப் பைனாகுலர் வந்தது. 1972-இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்த மாற்றத்துக்குச் சட்ட வலுவும் தந்தது.

குழுக்கள் தோன்றிய காலம்

1970களில் தனிமனிதரின் பழக்கம் குழுக்களின் வேலையாகியது. ரோமுலஸ் விட்டேக்கர் 1972-இல் கிண்டியில் பாம்புப் பண்ணையைத் திறந்தார். நஞ்சுள்ளதும் இல்லாததும் எது என்று ரசல் நூலில் எழுதியதை நகரமக்கள் நேரில் பார்க்கும் இடம் அது. பாம்பு பிடிப்பதில் தலைமுறை அறிவு பெற்ற இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் பதிவாயிற்று. தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அதன்பின் நஞ்செடுத்து மருந்துக்குத் தரும் தொழிலுக்கு வந்தனர்.

அதே பத்தாண்டில் சில இளைஞர்கள் இரவில் சென்னைக் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமையின் தடம் தேடி முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். 1988-இல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு இந்தப் பணியை ஏற்று இன்றுவரை நடத்திவருகிறது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை முட்டை என்று அவர்கள் குறிக்கும் கணக்கு, கரையோர விளக்குகளாலும் மீன்பிடி வலைகளாலும் ஆமைகளுக்கு நேரும் இழப்பையும் சேர்த்தே காட்டுகிறது.

எழுபதுகளின் இறுதியில் மெட்ராஸ் இயற்கையியலர் கழகம் உருவானது. பிளாக்பக் என்ற அதன் இதழில் சென்னைச் சுற்றுவட்டாரக் குறிப்புகள் அச்சேறின. 1978-இல் கிண்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது, நகருக்குள் எஞ்சிய உலர் பசுமைமாறாப் புதர்க்காட்டின் பகுதி. அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டமும் கிண்டியை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகமும் வலசைப் பறவைகளுக்கு ஒதுங்குமிடமாயின. கொடிக்கால் வாலாட்டி, அரசவால் ஈப்பிடிப்பான் போன்ற காட்டுப் பறவைகள் நகரின் நடுவே குளிர்காலத்தைக் கழிப்பது இந்த மரங்கள் எஞ்சியதால்தான். மரநாயும் கீரியும் உடும்பும் இத்தகைய வளாகங்களின் ஓரத்து வீடுகளில் அவ்வப்போது தென்படுகின்றன.

கழுவெளியின் கணக்கு

சுற்றுப்புறப் பட்டியல் எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்குத் தென்சென்னையின் பள்ளிக்கரணை விடையளித்தது. ஊரார் கழுவெளி என்று அழைத்த அந்தச் சதுப்பு, சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரிநீரை வாங்கி மெதுவாகக் கடலுக்கு அனுப்பும் வடிகால். வருவாய்த் துறையின் கண்ணில் இத்தகைய நிலம் பயனற்ற புறம்போக்கு. குப்பைக் கிடங்கு, சாலை, இரயில் தடம், அடுக்கு மாடிகள் எனப் பெரும்பகுதி பறிபோயிற்று.

எஞ்சிய பகுதியைக் காக்கக் கோரியவர்களிடம் இருந்த சான்று பறவைப் பட்டியல். நீலத் தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி, அரிவாள்மூக்கன், வலசை வரும் வாத்துகள் எனப் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட பறவைகளின் பெயர்கள், அது வெறும் தரிசு என்ற வாதத்தை உடைத்தன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இடையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் சுற்றுப்பகுதிகளும் மூழ்கின. பறவைகளுக்கான நிலம் என்று சொல்லப்பட்டது மனிதருக்கான வடிகால் என்பதும் அப்போது பலருக்கு விளங்கியது. பூநாரைகள் கழுவெளிக்கு வரும் படங்களை இன்று செய்தித்தாள்கள் வெளியிடுகின்றன. சட்டத்தின் முன் நின்றதோ ஆண்டுதோறும் சலிக்காமல் எழுதிய சாதாரணப் பறவைகளின் கணக்கு.

கைப்பேசியில் பட்டியல்

பலர் சேர்ந்து ஒரே காலத்தில் எண்ணும் முறை 1900 டிசம்பரில் அமெரிக்காவில் பிறந்தது. கிறித்துமசு நாளில் பறவை சுடும் போட்டிக்கு மாற்றாகப் பறவைகளை எண்ணலாம் என்று ஃபிராங்க் சாப்மன் அழைத்தபோது 27 பேர் முன்வந்தனர். கார்னல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் முன்னின்று 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளம், எந்த ஊரிலிருந்தும் எந்த நாளிலும் பட்டியலை அனுப்ப வழிசெய்தது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் கண்ட, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு பதிவது இதன் முறை. மொட்டை மாடியும் போதும்.

எல்லாவற்றையும் என்ற சொல்லே இதில் முக்கியமானது. அரியதை மட்டும் எழுதுபவரின் குறிப்பிலிருந்து, சிட்டுக்குருவி அன்று இல்லையா அல்லது அவர் எழுதவில்லையா என்று அறிய முடியாது. முழுப் பட்டியலில் இல்லாமையும் ஒரு செய்தி. இப்படிச் சேர்ந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வெளியானது. சிட்டுக்குருவி அழிந்துகொண்டிருக்கிறது, கைப்பேசிக் கோபுரமே காரணம் என்ற பேச்சு பரவலாக இருந்த காலம் அது. நாடு முழுவதையும் நோக்கினால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நிலையாக உள்ளது, பெருநகரங்களில் குறைந்துள்ளது என்று அறிக்கை கூறியது. 2023-இல் வெளியான அடுத்த அறிக்கையோ, யாரும் அழாத பனங்காடை குறைந்துவருவதை எச்சரித்தது. மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பழகிய பறவை என்பதால் அதன் குறைவைத் தனி ஒருவர் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆயிரக்கணக்கானோரின் பட்டியல் உணர்ந்தது.

பதிவின் எல்லைகள்

பழைய பதிவையும் புதிய பதிவையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் கவனம் தேவை. முன்பு ஓர் ஏரியை ஒரு சிலரே பார்த்தனர், இன்று பலர் ஒளிப்படக் கருவியோடு பார்க்கின்றனர். ஆகவே அரிய பறவைகளின் பெயர்கள் கூடுவது ஏரி செழித்ததற்கான சான்று ஆகாது. பார்வையாளர் பெருகியதற்கான சான்றாகவும் இருக்கலாம். புயலுக்குப் பின் கரையில் காணப்படும் நடுக்கடல் பறவைகள் போன்ற வரவுகள் காற்றின் கதையைச் சொல்கின்றன, அந்த ஊரின் கதையை அல்ல. குறிப்பில் எவ்வளவு நேரம், எத்தனை பேர், எந்த வழியாக என்பவை இருந்தால்தான் பின்வருபவர் ஒப்பிட முடியும்.

பதிவு தீங்கும் செய்யலாம். கூடு இருக்கும் மரமும் ஆந்தை பகலில் தங்கும் பொந்தும் வெளியானால் கூட்டம் கூடுகிறது. சில நேரம் பிடிப்பவரும் வருகிறார். அதனால் எளிதில் தீங்குக்கு உள்ளாகும் சில இனங்களின் இடங்களைத் தளங்கள் மறைத்துக் காட்டுகின்றன. குரலை ஒலிபரப்பிப் பறவையை வெளியே வரவழைப்பதைத் தவிர்க்குமாறு நோக்கர் குழுக்கள் கேட்டுக்கொள்கின்றன. ஃபிரென்சம் குளத்தில் வியப்பு ஐந்து பறவைகளின் உயிரைக் குடித்தது. இன்று வியப்பு கைப்பேசியோடு வருகிறது. இடைவெளி விட்டு நிற்கும் கட்டுப்பாடு அன்றுபோலவே இன்றும் பார்ப்பவரிடமே உள்ளது.

பக்ளி அனுப்பிய 22 பறவைகளின் பட்டியல் சிறியது. ஆயினும் அதற்கு முந்தைய சென்னையைப் பற்றி அத்தகைய அச்சுப் பட்டியல் எதுவும் கிடைக்காததால் அதன் மதிப்பு பெரிது. இன்று ஒரு தெருவில் காகம், மைனா, மாடப்புறா, செம்போத்து, தையல்சிட்டு என்று நாள் குறித்து எழுதப்படும் பத்து வரிகளும் நூறாண்டு கழித்து வாசிப்பவருக்கு அதே நிலையில் இருக்கும். அவற்றில் எது அப்போது அரியதாகியிருக்கும் என்பதை இப்போது எழுதுபவர் அறிய முடியாது.